சென்னையில் சிறு பதிப்பகம்: காகிதக் கணக்கும் வசூல் கணக்கும்

இரண்டு லட்சம் ரூபாய் முதலோடு, சென்னையில் இருந்தபடி ஆண்டுக்கு நான்கைந்து தமிழ்ப் புத்தகம் போடும் சிறு பதிப்பகம் ஒன்றைத் தொடங்கலாமா, இன்றைய நிலைமை அதற்கு இடம் கொடுக்குமா என்பது கேள்வி. தாராளமாகத் தொடங்கலாம். ஆனால் முதல் ஆண்டில் நான்கைந்து வேண்டாம், இரண்டு போதும். அதற்கான காரணத்தைக் கணக்கோடு சொல்கிறேன்.

முதலில் நிலைமை. நெடுங்காலம் தமிழில் ஒரு புத்தகத்தின் முதல் பதிப்பு என்றால் 1,000 அல்லது 1,200 பிரதி. அந்த எண்ணிக்கைக்கு இரண்டு காரணம். தகடு (பிளேட்) செய்து அடிக்கும் ஆஃப்செட் முறையில் அதைவிடக் குறைத்து அடித்தால் பிரதிக்கான அடக்கவிலை ஏறிவிடும். அடித்ததில் பெரும்பகுதியை நூலக ஆணை, அதாவது பொது நூலகங்களுக்கான அரசின் கொள்முதல், எடுத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையும் இருந்தது. தகடு தேவைப்படாத டிஜிட்டல் அச்சு வந்தபின் முதல் காரணம் பலமிழந்தது. நூலக ஆணை பல ஆண்டு வராமலும் வந்தபின் பணம் தாமதமாகவும் போனதில் இரண்டாவது காரணமும் ஆட்டம் கண்டது. இன்று 50 பிரதிகூட அடிக்கலாம். அதனால் பதிப்பகங்கள் பெருகின, தலைப்புகள் பெருகின. சென்னைப் புத்தகக் காட்சியில் அண்மை ஆண்டுகளில் சுமார் 900 அரங்குகள். ஆனால் ஒரு தலைப்புக்குக் கிடைக்கும் வாசகர் எண்ணிக்கை அதே வேகத்தில் பெருகவில்லை. புத்தகத்தை அச்சிட்டு வாங்குவது இந்த நகரத்தில் இப்போது மிக எளிது. போட்ட பணத்தைத் திரும்ப எடுப்பதும், கைப்பிரதியைச் செம்மை செய்ய ஆள் பிடிப்பதும்தான் கடினம். உங்கள் பணத்தையும் நேரத்தையும் இந்த இரண்டில் செலவிடுங்கள்.

சிறிய அளவில் நின்று பெரிய வேலை செய்யலாம் என்பதற்கு இந்த நகரத்திலேயே சான்றுகள் உண்டு. 1974இல் தொடங்கிய க்ரியா, குறைவான புத்தகங்களைப் போட்டு, எடிட்டிங் என்றால் என்ன என்பதைத் தமிழ்ப் பதிப்புலகுக்குக் காட்டியது. தற்காலத் தமிழ் அகராதியை 1992இல் கொண்டுவந்ததும் அந்தச் சிறு நிறுவனம்தான். திருவான்மியூரின் தாரா புக்ஸ், கையால் திரை அச்சிட்ட படநூல்களை உலகமெங்கும் அனுப்புகிறது. துளிகா 1996இலிருந்து குழந்தை நூல்களை ஒரே நேரத்தில் பல இந்திய மொழிகளில் வெளியிடுகிறது. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு வாசகரைத் தேர்ந்துகொண்டது. நாவல், கவிதை, சமையல், ஜோதிடம் எல்லாம் போடுகிறேன் என்று தொடங்கும் சிறு பதிப்பகத்தின் பெயர் எந்த வாசகர் மனதிலும் தங்காது. ஒரு துறையை, அதிகம் போனால் இரண்டை, எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி கணக்கு. சுமார் 50,000 சொல் கொண்ட கைப்பிரதி, டெமி அளவில், அதாவது எட்டரைக்கு ஐந்தரை அங்குலத்தில், 240 முதல் 256 பக்கம் வரும். எழுத்து 11 பாயின்ட், வரி இடைவெளி 15 பாயின்ட், பக்கத்துக்கு 30 முதல் 32 வரி என்று வைத்தால் கண் களைக்காது. ஒரே தாளில் அடித்து மடிக்கும் பக்கத் தொகுதிக்குப் பாரம் என்று பெயர். டெமியில் ஒரு பாரம் 16 பக்கம். 256 பக்கம் என்பது சரியாக 16 பாரம். உங்கள் புத்தகம் 260 பக்கத்தில் முடிந்தால் அந்த நான்கு பக்கத்துக்காகக் கால் பாரம் தனியாக ஓட வேண்டும். வடிவமைப்பின்போதே அதைப் பார்த்து, அத்தியாயத் தொடக்கங்களை இழுத்துப் பிடித்து, 256க்குள் கொண்டுவந்துவிடுங்கள்.

ஒரு பாரத்துக்கு 18க்கு 23 அங்குலத் தாள் ஒன்று. 500 பிரதிக்கு 16 பாரம் என்றால் 8,000 தாள், அதாவது 16 ரீம். 70 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 70 கிராம் எடையுள்ள, காகிதத்தில் அந்த அளவு ரீம் ஒன்று 9.35 கிலோ. மொத்தம் 150 கிலோ. மெஷின் செட்டாகும்போது வீணாவதற்கு ஒரு ரீம் கூட்டினால் 159 கிலோ. இந்தக் கணக்கைப் போடத் தெரிந்துவிட்டால், அச்சகம் தரும் மதிப்பீட்டில் காகிதத்துக்கு எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்பது தெளிவாகிவிடும். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கிலோ விலையை விசாரித்துவிட்டு அச்சகத்தில் பேசுங்கள். டிஎன்பிஎல், சேஷசாயி போன்ற ஆலைகளின் காகிதம் அங்கே கிடைக்கும். மதிப்பீட்டில் ஆலைப் பெயர், ஜிஎஸ்எம், நிறம் மூன்றையும் எழுதி வாங்குங்கள். ‘நல்ல பேப்பர்’ என்று மட்டும் எழுதியிருந்தால் ஏற்காதீர்கள்.

விலைகள் அச்சகத்துக்கு அச்சகம் மாறும். கணக்கு புரிவதற்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். எடிட்டிங் 10,000 ரூபாய். பக்க வடிவமைப்பு பக்கத்துக்கு 20 வீதம் 5,120. மெய்ப்புக்கும், அதாவது பிழை திருத்தத்துக்கும், அதே 5,120. அட்டை ஓவியமும் வடிவமைப்பும் 5,000. எத்தனை பிரதி அடித்தாலும் மாறாத இந்தச் செலவு 25,240. அச்சுப் பக்கம் வந்தால் காகிதம் கிலோ 85 வீதம் 13,500, பிளேட்டும் அச்சுக்கூலியும் பாரத்துக்கு 900 வீதம் 14,400, அட்டை அச்சும் லேமினேஷனும் 5,000, பைண்டிங் பிரதிக்கு 13 வீதம் 6,500, ஆக 39,400. மொத்தம் 64,640. பிரதிக்கு 129 ரூபாய்.

விலை 320 என்று வைக்கிறீர்கள். ஆசிரியருக்கு ராயல்டி 10 சதவீதம், 32 ரூபாய். விநியோகஸ்தருக்கு 45 சதவீதக் கழிவில் கொடுத்தால் உங்கள் கைக்கு வருவது 176. அதில் 129ஐயும் 32ஐயும் கழித்தால் மிச்சம் 15 ரூபாய். கடைக்கு 35 சதவீதத்தில் கொடுத்தால் 208 வரும், மிச்சம் 47. நீங்களே வாசகருக்கு 10 சதவீதக் கழிவில் நேரடியாக விற்றால் 288, மிச்சம் 127. சென்னையில் இன்று பிழைத்திருக்கும் சிறு பதிப்பகங்கள் பல நேரடி விற்பனையை நம்புவது இதனால்தான். பாதி நேரடியாகவும் பாதி கடைகள் வழியாகவும் போகிறது என்றால், ராயல்டி போகச் சராசரியாக 216 ரூபாய் கைக்கு வரும். அப்படியானால் 64,640ஐ மீட்க 300 பிரதி விற்க வேண்டும். ஆசிரியர் பிரதி, விமர்சனப் பிரதி, சட்டப்படி நூலகங்களுக்கு அனுப்பும் பிரதி என்று 30 போய்விடும். மீதி 170 பிரதிகளில்தான் லாபம். முதல் 300 எவ்வளவு நாளில் போகும் என்பது உங்கள் பதிப்பகத்தின் ஆயுளைத் தீர்மானிக்கும்.

1,000 அடித்தால் பிரதிக்கு 90 ரூபாய்க்குள் வந்துவிடுமே என்று அச்சகத்தில் சொல்வார்கள். கணக்கு உண்மைதான். ஆனால் மொத்தச் செலவு 90,000ஐத் தொடும், விற்காத 500 பிரதியை வைக்க இடமும் வேண்டும். புதிய பதிப்பகத்துக்கு 500க்கு மேல் முதல் பதிப்பு தேவையில்லை. 200க்குக் கீழே என்றால் டிஜிட்டல், 300க்கு மேலே ஆஃப்செட். இடைப்பட்ட எண்ணிக்கைக்கு இரண்டு விலையையும் கேளுங்கள். டிஜிட்டலில் பிரதிக்கு அடக்கவிலை கூடுதல், ஆனால் முன்பணம் முடங்காது. கவிதைத் தொகுப்புக்கும் துறைசார் ஆய்வு நூலுக்கும் டிஜிட்டலே பொருத்தம்.

ஜிஎஸ்டி பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. அச்சிட்ட புத்தகத்துக்கு வரி கிடையாது, அதனால் நமக்கு வரிச் செலவு இல்லை என்று நினைக்கிறார்கள். விற்பனைக்கு வரி இல்லாததால்தான், காகிதத்துக்கும் அச்சுக்கும் நீங்கள் கட்டும் வரியைத் திரும்ப எடுக்க வழியில்லை. அது அப்படியே அடக்கவிலையில் ஏறும். 2025 செப்டம்பர் 22 முதல் நோட்டுப் புத்தகக் காகிதத்துக்கு வரி நீக்கப்பட்டது. புத்தகம் அச்சிடும் காகிதத்துக்கோ 12இலிருந்து 18 சதவீதமானது. அச்சகம் சொல்லும் விலை வரியோடா, வரி நீங்கலாகவா என்பதை முதலிலேயே கேளுங்கள். ராயல்டி மீதான வரியைப் பதிப்பாளர் தலையில் வைக்கும் விதியும் இருக்கிறது. அதை ஓர் ஆடிட்டரிடம் ஒருமுறை உட்கார்ந்து தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

பணத்தைவிடப் பெயரைக் கெடுப்பவை தயாரிப்பில் நேரும் பிழைகள். கைப்பிரதி உங்களிடம் பல வடிவங்களில் வரும். பழைய எழுத்தாளர்களிடம் பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்ற எழுத்துருக்களில் தட்டிய கோப்புகள் இருக்கும். அவற்றை யூனிகோடுக்கு மாற்றும்போது பார்வைக்குச் சரியாகத் தெரிந்தும் உள்ளே தவறாக இருக்கும் எழுத்துகள் வந்துசேரும். ‘கௌரவம்’ என்பதில் இருக்க வேண்டிய ஔகாரக் குறிக்குப் பதில், ஒற்றைக் கொம்பும் ள என்ற எழுத்தும் சேர்ந்து ‘கெளரவம்’ ஆகிவிடும். ‘கொ’, ‘கோ’ போன்றவற்றில் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகப் பதிவாகியிருக்கும். அச்சில் வித்தியாசம் தெரியாது. ஆனால் தேடினால் கிடைக்காது, பிழைதிருத்தி பிடிக்காது, மின்னூலாக மாற்றும்போது சிதறும். பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்து, படத்தை எழுத்தாக மாற்றும் எழுத்துணரி வழியாக எடுத்திருந்தால் ‘ர’வும் காலும் இடம் மாறியிருக்கும். மாற்றிய கையோடு, வடிவமைப்புக்குப் போகும் முன்பே, இந்தச் சேர்க்கைகளைத் தேடி ஒரே மூச்சில் சரிசெய்துவிடுங்கள். வடிவமைத்த பிறகு கைவைத்தால் வரிகள் நகர்ந்து பக்கங்கள் குலையும்.

இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வேலை செய்பவர், இந்திய மொழி எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்ட் ரெடி கம்போசர் என்ற அமைப்பை இயக்கியிருக்கிறாரா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். தமிழ்ச் சொற்கள் நீளம். இருபுறமும் சமமாக நிறுத்தினால் சொற்களுக்கிடையே ஓட்டை விழும். சொல்லை உடைக்க அனுமதிக்க வேண்டும். ஆனால் அடுத்த வரி புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கக் கூடாது, ஒற்றை எழுத்து தனியாக விழவும் கூடாது. எழுத்துருவுக்கு உரிமம் இருக்கிறதா என்பதையும் விசாரியுங்கள். நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற திறந்த உரிம எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

மெய்ப்பு மூன்று சுற்று. முதல் சுற்று மூலத்தோடு ஒப்பிட்டு, இரண்டாவது மொழிக்காக, அதாவது ஒற்று மிகுதல், மிகாமை, பெயர்களின் ஒருமை, ஆண்டுகள். மூன்றாவது, அச்சுக்குப் போகும் பிடிஎஃப்பைக் காகிதத்தில் எடுத்துப் பார்ப்பது. மூன்றாவது சுற்றில் வரிவரியாகப் படிக்க வேண்டியதில்லை. பக்க எண், ஒவ்வொரு பக்கத்தின் மேலும் வரும் ஓடும் தலைப்பு, பொருளடக்கத்தில் உள்ள எண்கள், அத்தியாயத்தின் கடைசி வரி, அடிக்குறிப்பு ஆகியவற்றைப் பாருங்கள். நல்ல மெய்ப்பாளர்கள் சென்னையில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருக்கிறார்கள், எடிட்டர்கள் அதைவிடக் குறைவு. ஆசிரியர் மனம் கோணாமல் ஒரு நாவலில் நாற்பது பக்கத்தைக் குறைக்கச் சொல்லும் திறமைக்கு இங்கே இன்னும் உரிய கூலி கொடுக்கப்படுவதில்லை. அவர்களுக்கு நியாயமாகவும் உடனடியாகவும் பணம் கொடுங்கள். அச்சகத்துக்குக்கூட ஒரு மாதம் தவணை சொல்லலாம், இவர்களுக்குச் சொல்லக் கூடாது.

அச்சுக்கு ராயப்பேட்டை, திருவல்லிக்கேணி, சிந்தாதிரிப்பேட்டை வட்டாரத்திலும் அம்பத்தூர் பக்கத்திலும் அச்சகங்கள் உண்டு. வண்ணப் படநூலாக இருந்து ஆயிரக்கணக்கில் அடிப்பதானால் சிவகாசி விலை கட்டுப்படியாகும். 500 பிரதிக்கு லாரி வாடகையும் ஒருமுறை போய்வரும் செலவும் அந்த மிச்சத்தை விழுங்கிவிடும்.

அச்சுக்குக் கொடுக்கும் முன், அதே காகிதத்தில் அதே பக்க எண்ணிக்கையில் அச்சில்லாத ஒரு மாதிரிப் புத்தகத்தை (டம்மி) கட்டித் தரச் சொல்லுங்கள். 256 பக்கத்துக்கு 128 தாள். 70 ஜிஎஸ்எம் நேச்சுரல் ஷேடில், அதாவது லேசான மஞ்சள் சாயல் காகிதத்தில், புத்தகத்தின் முதுகு 12 முதல் 13 மில்லிமீட்டர் வரும். அதை அளந்து வடிவமைப்பாளரிடம் சொன்ன பிறகே அட்டைக் கோப்பு தயாராக வேண்டும். அச்சகத்தில் காகிதம் தீர்ந்துவிட்டது என்று 60 ஜிஎஸ்எம்முக்கு மாறினால் முதுகு ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் மெலிந்து, முதுகில் இருக்க வேண்டிய தலைப்பு முன்னட்டைக்குச் சரிந்துவிடும். அட்டைக்கு 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு வழக்கம்.

காகிதத்தின் நார் ஓடும் திசை முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும். குறுக்கே இருந்தால் புத்தகம் விறைத்து நிற்கும், விரித்து வைத்தால் மூடிக்கொள்ளும், மழைக்காலத்தில் பக்கங்கள் அலை அலையாக நெளியும். ஒரு தாளை நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் கிழித்துப் பாருங்கள். நேராகக் கிழிவது நார்த்திசை. வெட்டுக்கணக்கில் தாள் மிச்சமாகிறது என்று சில அச்சகங்கள் திசையை மாற்றி வெட்டிவிடும். அதனால் மதிப்பீட்டிலேயே இதைக் குறித்துவிடுங்கள்.

பைண்டிங்கில் பக்கம் கழன்று வருவதற்கு மூன்று காரணம். முதுகைச் சுரண்டும் ஆழம் போதாமல் பசை தாளுக்குள் இறங்காதது, பசையின் சூடு குறைந்தது, ஒட்டியதும் ஆறவிடாமல் வெட்டுக்கு அனுப்பியது. 300 பக்கத்துக்கு மேல் போனால் பாரங்களைத் தைத்து ஒட்டச் சொல்லுங்கள். பிரதிக்குச் சில ரூபாய் கூடும், புத்தகம் முப்பது வருடம் நிற்கும். கட்டு வந்ததும் நடுவிலிருந்து ஒரு பிரதியை எடுத்து, சரிபாதியில் விரித்து, இரு கையாலும் பின்னுக்கு மடக்கி, ஒரு தாளைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் அந்த லாட்டையே திருப்பி அனுப்பலாம். முழுப்பணமும் கொடுத்த பிறகு இந்தச் சோதனை பயன்படாது. 30 சதவீதமாவது நிலுவை வைத்திருங்கள்.

அட்டை சுருண்டுகொள்வது சென்னைக்கே உரிய தொல்லை. லேமினேஷன் ஒரு பக்கம் மட்டும் இருப்பதால் மறுபக்கம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி விரியும், அட்டை வெளிப்புறமாக வளையும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி. ஊரில் உள்ள எல்லாப் பதிப்பகமும் டிசம்பரில் அச்சகத்தில் நிற்கும். மை காயும் முன்பே லேமினேஷன், பசை ஆறும் முன்பே வெட்டு, ஈரத்தோடு கட்டு. ஜனவரியில் புதிய புத்தகங்கள் விசிறிபோல விரிந்து கிடப்பதற்கு இதுவே காரணம். உங்கள் புத்தகம் அக்டோபர் தொடக்கத்துக்குள் அச்சாகிவிட வேண்டும். கட்டுகளைப் பலகை வைத்து, மேலே கனம் ஏற்றி இரண்டு நாள் வைத்திருங்கள்.

அச்சகத்தில் வேலை நடக்கும்போதே செய்ய வேண்டிய காகித வேலைகள் சில. ஒவ்வொரு நூலுக்கும் உரிய அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னை மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இணையத்தில் இலவசமாக வழங்குகிறது. அதற்குப் பணம் கேட்கும் இடைத்தரகர்களிடம் போகாதீர்கள். விண்ணப்பித்த மறுநாளே வராது, ஆகவே கைப்பிரதி கையில் இருக்கும்போதே பதிப்பகத்தைப் பதிவு செய்துவிடுங்கள். அச்சு நூலுக்கு ஓர் எண், மின்னூலுக்கு வேறு எண். உள்ளடக்கம் மாறாத மறு அச்சுக்குப் பழைய எண்ணே போதும். 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், எழும்பூர் கன்னிமாரா நூலகம், மும்பை, தில்லி நூலகங்கள் என நான்கு இடங்களுக்கும் உங்கள் செலவில் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். ஒப்புகைச் சீட்டுகளைக் கோப்பில் வையுங்கள்.

ஆசிரியரோடு ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். பதிப்புரிமைச் சட்டம் 19ஆம் பிரிவின்படி, உரிமை மாற்றத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் கொள்ளப்படும். உரிமையை வாங்கி ஓர் ஆண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய அது காலாவதியாகும். அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். மொழிபெயர்ப்பு உரிமைக்கு இப்போது கொஞ்சம் மதிப்பு கூடியிருக்கிறது. 2023இல் தமிழக அரசு தொடங்கிய சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் காட்சி, மொழிபெயர்ப்பு நல்கையோடு வெளிநாட்டுப் பதிப்பாளர்களை இங்கே கூட்டிவருகிறது. ஆசிரியரிடம் அச்சுச் செலவை வாங்கிக்கொண்டு புத்தகம் போடும் வழக்கம் பரவியிருக்கிறது. அதைச் செய்யாதீர்கள். அப்படி வாங்கும்போது விற்க வேண்டிய அவசியம் உங்களிடமிருந்து போய்விடுகிறது, எதைப் போடுவது என்ற தேர்வும் அதோடு போய்விடுகிறது.

நாட்டுடைமையான நூல்களை யார் வேண்டுமானாலும் போடலாம். பாரதியில் தொடங்கிய ஏற்பாடு அது. மலிவுப் பதிப்புகளோடு விலையில் போட்டியிட முடியாது. பழைய பதிப்புகளை ஒப்பிட்டு, பாடவேறுபாடு காட்டி, குறிப்பு எழுதிச் செம்பதிப்பாகக் கொண்டுவர முடிந்தால் மட்டும் அதில் இறங்குங்கள்.

விற்பனைக்கு வருவோம். கடைகள் பெரும்பாலும் விற்றபின் பணம் என்ற முறையில்தான் எடுக்கும். மூன்று மாதம், ஆறு மாதம் ஆகும். ஒவ்வொரு முறையும் டெலிவரி சலானில் தலைப்பு, பிரதி, கழிவு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இருப்புக் கணக்குக் கேளுங்கள். ஒரு கடைக்கு முதலில் ஐந்து பிரதிக்கு மேல் கொடுக்காதீர்கள். ஐம்பது பிரதி கொடுத்தால் விற்பனை பத்து மடங்காகாது, திரும்பிவரும் அழுக்குப் பிரதிதான் பத்து மடங்காகும்.

புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கமான பபாசி நடத்தும் சென்னைப் புத்தகக் காட்சி 1977இலிருந்து நடக்கிறது, இப்போது நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில். பல சிறு பதிப்பகங்களுக்கு ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதி இந்தச் சில நாட்களில்தான் வருகிறது. அது ஒரு பலவீனமும்கூட. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப்பின் காட்சி தள்ளிப்போனது. கொரோனாவால் 2021இலும் 2022இலும் பிப்ரவரிக்கு நகர்ந்தது. 48ஆவது காட்சியோ முன்கூட்டியே 2024 டிசம்பர் 27இல் தொடங்கியது. தேதியை நம்பிக் கடன் வாங்கி அச்சடித்தவர்கள் இரண்டு பக்கமும் அடிபடுவார்கள். முதல் ஆண்டில் தனி அரங்குக்கு முயல வேண்டாம். இரண்டு தலைப்பை வைத்துக்கொண்டு ஓர் அரங்கை நிரப்ப முடியாது, வாடகையும் ஆள் கூலியும் மீளாது. உங்கள் துறையோடு ஒத்துப்போகும் நான்கைந்து பதிப்பகங்களின் அரங்கில் 35 சதவீதக் கழிவில் வைத்து, நீங்கள் மாலைநேரங்களில் அங்கே போய் நில்லுங்கள். மாவட்ட நிர்வாகங்கள் நடத்தும் காட்சிகளும் இப்போது ஆண்டு முழுக்க ஊர் ஊராக நடக்கின்றன. அவற்றுக்குப் போகும் பெரிய பதிப்பகங்களோடு புத்தகத்தைச் சேர்த்து அனுப்பலாம்.

நூலக ஆணையைப் பற்றிப் பலரும் கேட்பார்கள். 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி, சொத்துவரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாக வசூலாகிறது. அந்தப் பணத்தில்தான் கொள்முதல். விண்ணப்பம் இப்போது இணையவழி. கட்டாயம் விண்ணப்பியுங்கள். ஆனால் அங்கே விலையை நிர்ணயிப்பது அவர்கள், பணம் எப்போது வரும் என்பதும் உங்கள் கையில் இல்லை. எனவே உங்கள் வரவுசெலவில் நூலக ஆணைக்கு நேராகப் பூஜ்யம் போட்டுக்கொள்ளுங்கள். வந்தால் அடுத்த புத்தகத்துக்கு முதல்.

அஞ்சலில் சிறு பதிப்பகங்களுக்குத் துணையாக இருந்த பதிவுப் புத்தக அஞ்சல் 2024 டிசம்பரில் நின்றது. 2025 மே 1 முதல் புத்தகங்களுக்கான ஞான் போஸ்ட் என்ற அஞ்சல் சேவை வந்திருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. அச்சிட்டவர் அல்லது பதிப்பாளர் பெயர் நூலில் இருக்க வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. இங்கே நம் 256 பக்கப் புத்தகத்தை எடை போட்டுப் பாருங்கள். உள்தாள் 270 கிராம், அட்டை 20 கிராம், மொத்தம் 290. உறையைச் சேர்த்தால் 300ஐத் தாண்டி அடுத்த கட்டணத்துக்குப் போய்விடும். புத்தகம் 240 பக்கத்தில் முடிந்திருந்தால் 17 கிராம் குறையும், மெல்லிய உறையில் 300க்குள் அடங்கும். மாதம் நூறு பொட்டலம் அனுப்புகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை. பக்க எண்ணிக்கையை முடிவு செய்யும்போதே தராசையும் பக்கத்தில் வையுங்கள்.

மின்னூலுக்கு அமேசானின் தமிழ் கிண்டில் 2016 இறுதியிலிருந்து இருக்கிறது. வருமானம் சிறிது, ஆனால் வெளிநாட்டு வாசகருக்கு அதுவே வழி. அச்சு நூல் வந்து ஆறு மாதம் கழித்து வெளியிடலாம். விமர்சனத்துக்கு என்று அச்சுக்கோப்பை யாருக்கும் அனுப்பாதீர்கள். அது டெலிகிராம் குழுக்களுக்குப் போய்ச்சேர ஒரு வாரம் போதும். அச்சுப் பிரதியே கொடுங்கள்.

இருப்பு வைக்கும் அறை தரைத்தளமாக இருந்தால் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் அலமாரி வேண்டும், சுவரோடு ஒட்டக் கூடாது. 2015 வெள்ளத்தில் பல பதிப்பகங்களின் கிடங்குகள் மூழ்கின. 500 பிரதி 145 கிலோ, இருபது இருபதாகக் கட்டினால் 25 கட்டு. முதல் மாடி அறை ஒன்றின் ஓரமே போதும். அதற்காகத் தனிக் கிடங்குக்கு வாடகை கொடுக்காதீர்கள்.

இப்போது உங்கள் இரண்டு லட்சம். மேலே சொன்ன 256 பக்கப் புத்தகத்துக்கு 65,000. இரண்டாவதாக 160 பக்கத்தில் ஒன்றுக்கு 45,000. பதிவு, அஞ்சல், ஊர்களுக்கு அனுப்பும் செலவு, அறிமுகக் கூட்டம் என்று 40,000. மீதி 50,000 மறு அச்சுக்கு. அந்த 50,000ஐத் தொடவே கூடாது. தமிழில் ஒரு புத்தகம் பேசப்படத் தொடங்கும் நேரத்தில் பிரதி தீர்ந்து, மறு அச்சுக்குப் பணம் இல்லாமல் மூன்று மாதம் போய், வாசகர் வேறு புத்தகத்துக்கு நகர்ந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. கைப்பிரதி மார்ச்சில் முடிவாகட்டும், எடிட்டிங் ஜூன் வரை, வடிவமைப்பும் மெய்ப்பும் ஆகஸ்ட் வரை, அச்சு செப்டம்பரில். வெளியான நாளிலிருந்து ஒரு பிரதியைத் தனியே வைத்து, வாசகர்கள் சுட்டும் பிழைகளையெல்லாம் அதிலேயே சிவப்பு மையில் குறித்துவாருங்கள். இருப்பு 75க்கு இறங்கியதும் அந்தத் திருத்தங்களைக் கோப்பில் ஏற்றி, பதிப்பு விவரப் பக்கத்தில் இரண்டாம் அச்சின் மாதத்தையும் ஆண்டையும் சேர்த்து, காகித விலையைப் புதிதாக விசாரித்து, மறு அச்சுக்குக் கொடுத்துவிடுங்கள்.